ஆற்றோடு கூட்டு வியாபாரம்

மூன்றாம் மதகுத் தோட்டக்காரர் குடும்பத்தோடு ஊரைக் காலி செய்துகொண்டு போனது ஒரு புதன்கிழமை காலை. ஒன்பது மணி இருக்கும். லாரியில் கட்டில், பீரோ, இரண்டு சைக்கிள், துணி மூட்டைகள், எல்லாவற்றுக்கும் மேலே கயிறு போட்டுக் கட்டிய துணி துவைக்கும் மெஷின். முன் இருக்கையில் அவர் மனைவி கிளிக்கூண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லாரி நேராக நெடுஞ்சாலைக்குப் போகாமல் சித்தியின் பம்ப் பட்டறை வாசலில் வந்து நின்றது. அவர் இறங்கி, பின்பக்கத்திலிருந்து ஒரு பம்பைக் குழந்தையைத் தூக்குவதுபோல அணைத்துத் தூக்கிவந்து சிமெண்டுத் தரையில் வைத்தார்.

"இத நீங்களே வெச்சுக்கோங்கக்கா. நாங்க போற எடம் மூணாவது மாடி. குழாயத் தொறந்தா தண்ணி வருமாம்."

"என்ன வெலைன்னு சொல்லுங்க."

"இதுக்கு என்னக்கா வெல? பாதி சாமான் நீங்க மாத்திப் போட்டது. மீதிய ஆறு தின்னுடுச்சு."

சித்தி சிரித்தாள். அவரும் சிரித்தார். அவருடைய மச்சான் வேலை செய்யும் பஸ் டிப்போவில் அவருக்கும் ஒரு வேலை கிடைத்திருந்தது. "அங்க எதுவும் துரு பிடிச்சா கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். லாரி திருப்பத்தில் மறைகிறவரை கிளி கத்திக்கொண்டே போனது.

சித்தி கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியின்மேல் உட்கார்ந்தாள். கையில் ஸ்பானர் இருந்தது, எதையும் கழற்றவில்லை.

"வருஷத்துக்கு மூணு தடவ வர்ற கஸ்டமர், போயாச்சு" என்றாள். "நம்ம வரிசையில பதினொரு பம்ப் ஓடிச்சு. இப்ப ஏழு. உப்புத்தண்ணி எனக்கு வியாபாரம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் பாரு. தோட்டமே இல்லன்னா எவன்டி பம்பத் தூக்கிட்டு வரப்போறான்?"

ஐந்து வருடம் பல ஊர்களைச் சுற்றிவிட்டு நான் திரும்பி அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வேலை தேடுவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, பகல் முழுக்கச் சித்தியின் பட்டறையில்தான் கிடந்தேன்.

சித்தி, அம்மாவின் கடைசித் தங்கை. நாற்பத்தொன்பது வயது. ஆள் குள்ளம், குரல் மட்டும் இரண்டு ஆள் உயரம். காக்கி ஏப்ரனின் வலது பையில் ஸ்பானர்கள், இடது பையில் வறுத்த கடலை. ஆயில் சீல் வளையத்தை நெம்பி எடுக்கத் தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவுவாள், வேலை முடிந்ததும் துடைத்துத் திரும்பத் தலையிலேயே செருகிக்கொள்வாள். ஓடுகிற பம்பின்மேல் ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வாள். "பேரிங் அழுவுது" என்பாள். திறந்து பார்த்தால் பேரிங் போயிருக்கும்.

பத்தொன்பது வயதில் மோட்டார் வைண்டிங் கடையில் செம்புக் கம்பி சுற்றச் சேர்ந்தவள். விரல் சிறியதாக இருந்ததால் சேர்த்துக்கொண்டார்களாம். அங்கேதான் சித்தப்பா வந்து சேர்ந்தார். ஒரே மோட்டாரை ஒரே மாதத்தில் நான்கு தடவை தூக்கிவந்தார். நான்காவது தடவை சித்தி கடை முதலாளியிடம் சத்தமாகச் சொன்னாள்: "மோட்டார்ல ஒரு பழுதும் இல்ல சார். கொண்டாந்த ஆளத்தான் பிரிச்சுப் பாக்கணும்." அடுத்த வருடம் கல்யாணம்.

சித்தப்பாவுக்கு ஆற்றங்கரையில் எட்டு ஏக்கர் ஆரஞ்சுத் தோட்டம். கல்யாணமான புதிதில் சித்தியின் பட்டறையில் வாரத்துக்கு ஒரு வேலை வந்தால் பெரிது. ஒரு பம்பை ஆற்றில் இறக்கினால் ஐந்தாறு வருடம் கேட்பாரில்லாமல் ஓடும். தோட்டம்தான் வீட்டை ஓட்டியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அது தலைகீழானது.

எங்களுக்கு நாற்பது கிலோமீட்டர் மேலே, இன்னொரு பெரிய பாசனப் பகுதியின் வயல்களின் உப்பை அலசிக்கொண்டு வரும் கழிவுநீர் ஒரு வடிகால் வழியாக ஆற்றில் விழுகிறது. ஆறு நிறைந்து ஓடும்போது அது தெரியாது. ஆறு மெலியும் மாதங்களில் ஓடுவதில் பாதி அந்தத் தண்ணீர்தான். அணைக்கட்டுச் சுவரில் உப்பைக் காட்டும் மீட்டர் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் ஐந்நூறு காட்டிய முள், கோடையில் இப்போது ஆயிரத்து எண்ணூறில் நிற்கிறது. அதற்காக மரம் ஒரே நாளில் செத்துவிடாது. முதலில் இலையின் ஓரம் தீய்ந்தாற்போல் பழுப்பாகும். பழம் சிறுத்துப்போகும். முதல் தரத்தில் பெட்டியில் அடுக்கப்பட்ட பழம், மூன்றாம் தரமாகி ஜூஸ் கம்பெனி லாரியில் சாக்கோடு கொட்டப்படும். வேரடியில் சேர்ந்த உப்பைக் கீழே தள்ள அதிகத் தண்ணீர் விட வேண்டும், அதற்குப் பம்ப் அதிக நேரம் ஓட வேண்டும், ஓட ஓட அதே உப்பு பம்பையும் தின்னும்.

ஆக, ஒரே ஆறு ஒரே வீட்டில் ஒருவர் பையிலிருந்து எடுத்து இன்னொருவர் பையில் போட்டது. சித்தப்பாவின் தோட்டம் இளைக்க இளைக்கச் சித்தியின் பட்டறை கொழுத்தது. இரண்டாவது ஷட்டர், நிரந்தர வெல்டர், புது ஸ்கூட்டர் எல்லாம் வந்தன. சாப்பாட்டு மேசையில் சித்தி ஆற்றைத் தன் பார்ட்னர் என்பாள். சித்தப்பா சிரித்துக்கொண்டே பரிமாறுவார். ஆனால் அந்தச் சிரிப்பு சாப்பாடு முடிகிறவரை நிற்காது.

மூன்றாம் மதகுக்காரர் போவதற்குப் பத்து நாள் முன்புதான் நதிநீர் வாரியத்திலிருந்து படிவங்கள் வந்திருந்தன. அந்த வடிகாலை ஆற்றில் விடாமல் குழாய் போட்டு வேறு பக்கம், ஒன்றும் விளையாத ஒரு பள்ளத்துக்குத் திருப்ப ஒரு திட்டம். பெரிய செலவு. அந்தச் செலவைவிட உப்பால் ஏற்படும் நஷ்டம் அதிகம் என்று காட்டினால்தான் பணம் ஒதுக்குவார்கள். அதனால் ஒவ்வொரு தோட்டக்காரரும் ஏக்கருக்கு எவ்வளவு விளைந்தது என்று எழுதித் தர வேண்டும்.

சித்தப்பா சமையலறை மேசையில் உட்கார்ந்து, பரீட்சையில் பக்கத்துப் பையனுக்குக் காட்டாத மாணவன்போல இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். நானும் கண்ணால் பார்த்தேன். ஏதோ ரகசியம் என்று விட்டுவிட்டேன்.

விவசாயிகள் சங்கச் செயலாளர் வந்து சொன்னபோதுதான் அது என்ன ரகசியம் என்று தெரிந்தது. லாரி போன மறுநாள், பழுதே இல்லாத தன் தெளிப்பான் பம்பைச் சாக்காக வைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

"தங்கச்சி, நம்ம படிவம் எல்லாம் வாரியத்துக்குப் போய்க் கூட்டிப் பாத்துட்டாங்களாம். நம்ம ஆளுங்கள அசைக்க முடியாது! சராசரி ஏக்கருக்குப் பத்து டன். பத்து வருஷத்துக்கு முன்ன எட்டுதான். உன் வீட்டுக்காரர்தான் முதல், பதினொண்ணு."

சித்தியின் கையிலிருந்த நட்டு உருண்டு மேசைக்கு அடியில் போனது.

"பதினொண்ணா? என்னது, பழமா?"

"டன்னு."

"அப்ப உப்பால நஷ்டமே இல்லன்னு ஆயிடுச்சே?"

செயலாளர் முகத்தில் அந்த நிமிடம்தான் விஷயம் இறங்கியது. தாடையைத் தடவிக்கொண்டார். "அடுத்த வியாழக்கிழமை விசாரணைக் கூட்டம் வெச்சிருக்காங்க. சும்மா சம்பிரதாயத்துக்குத்தான்னு சொன்னாங்க. ஏன்னு இப்பதான் புரியுது."

இந்தத் தப்பை எங்கள் தோட்டக்காரர்களால் மட்டும்தான் செய்ய முடியும். சங்கத்தில் வருடத்துக்கு ஒருமுறை அதிக விளைச்சல் எடுத்தவருக்கு ஒரு கேடயம் தருவார்கள். யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை, அவரவர் சொல்வதுதான். படிவங்களைச் சேகரித்ததும் அதே சங்கம், அதே செயலாளர், அதே மேசை. செயலாளர் கண்ணெதிரில் நாலு டன் என்று எழுத எவருக்குக் கை வரும்? நஷ்டம் கேட்டு வந்த காகிதத்தில் அத்தனை பேரும் வீரம் எழுதி அனுப்பிவிட்டார்கள்.

அன்று மத்தியானம் சித்தி சாப்பிட வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன், இதைத் தவறவிட எனக்கு மனமில்லை.

"ஏங்க, நம்ம தோட்டத்துல பதினோரு டன் காய்ச்ச மரம் எந்தப் பக்கம் இருக்கு? ஒரு தடவ பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டு வரேன்."

சித்தப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எல்லாரும் பத்துன்னு எழுதினாங்க."

"அதுக்கு?"

"நான் போன வருஷம் கேடயம் வாங்கினவன். ஒம்பதுன்னா எழுத முடியும்?"

சித்திக்குக் கோபம் வந்த அதே வேகத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. புரையேறித் தலையைத் தட்டிக்கொண்டாள். சிரிப்பு அடங்கியபின் மெதுவாகக் கேட்டாள். "உண்மையா எவ்வளவு?"

அவர் எழுந்து கை கழுவப் போனார். குழாயடியில் ரொம்ப நேரம் நின்றார். சித்தி அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால், வீட்டை ஓட்டுவது யார் என்பதையும் சேர்த்துக் கேட்டதுபோல் ஆகியிருக்கும். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

பட்டறைக்குத் திரும்பியவள் நேராகப் பின்சுவருக்குப் போனாள். பம்பின் வயிற்றுக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இரும்புச் சக்கரத்தை இம்பெல்லர் என்பார்கள். அதை மாற்றும்போது பழையதை இந்தத் தொழிலில் யாரும் உடனே எடைக்குப் போட மாட்டார்கள். "போன மாசம்தானே மாத்தின" என்று சண்டைக்கு வரும் ஆளிடம் காட்ட வேண்டுமே. சித்தி அதில் இன்னும் ஒரு படி மேலே. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கம்பி. கழற்றிய இம்பெல்லரில் தேதியைப் பெயிண்டால் எழுதிக் கம்பியில் கோர்த்துவிடுவாள். சுவர் முழுக்கத் துருப்பிடித்த மாலைகள்.

"தேதியப் படி" என்றாள்.

நான் சித்தப்பா தோட்டத்துக் கம்பியை அடியிலிருந்து படித்தேன். முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் ஆறு வருடம். அடுத்தது நான்கு. அடுத்தது இரண்டரை. பிறகு பதினான்கு மாதம், பதினொன்று, ஒன்பது, ஏழு. அடியில் இருந்த சக்கரம் முழுசாக இருந்தது. மேலே வர வர ஓரம் கடித்த பிஸ்கட் மாதிரி ஆகி, கடைசியில் இருந்ததில் விரலை நுழைக்கலாம். சித்தி புதிய சக்கரம் ஒன்றைத் தராசில் வைத்தாள்: இரண்டு கிலோ நூறு. கடைசியில் கழற்றியதை வைத்தாள்: ஒன்று நானூறு.

"எழுநூறு கிராம் இரும்ப ஏழு மாசத்துல தின்னிருக்கு" என்றாள். "படிவத்துல பொய் எழுதலாம். இதுல எழுத முடியாது."

ஆனால் அவற்றைக் கூட்டத்துக்குக் கொண்டுபோக அவரவர் சம்மதம் வேண்டும் என்றாள். தன் பம்ப் எத்தனை தடவை செத்தது என்பதை ஊரறியக் காட்ட எவருக்கும் பிடிக்காது, அது நோயாளியின் சீட்டை நடுத்தெருவில் படிப்பது மாதிரி. நான் ஸ்கூட்டர் ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்து வர, மிச்சமிருந்த ஏழு தோட்டத்தில் ஆறுக்கும் போனோம். முதல் தோட்டத்தில் அவள் சொன்னது: "மத்தவங்க எல்லாரும் சரின்னுட்டாங்கண்ணே, நீங்க ஒருத்தர்தான் பாக்கி." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டாவது தோட்டத்திலும் அதையேதான் சொன்னாள். ஆறாவது தோட்டத்தில் சொன்னபோது அது சுத்தமான உண்மையாக இருந்தது.

ஏழாவது சொந்த வீடு. அங்கே மட்டும் அவள் கேட்கவே இல்லை.

வியாழக்கிழமை சங்கக் கட்டிடத்தில் மின்விசிறிக்கு அடியில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் கண்ணாடி போட்ட இளைஞர், பொறுமைசாலி. படிவங்களின் சுருக்கத்தை வாசித்தார். சராசரி பத்து டன் என்றபோது பின்வரிசையில் யாரோ பெருமையாகச் செருமினார்கள்.

"இதப் பாத்தா உப்பு உங்களுக்கு உரம் மாதிரி வேல செய்யுது" என்றார் அவர். கிண்டல் இல்லை, நிஜமாகவே குழம்பியிருந்தார். "எங்க ஆபீஸ்ல ஒருத்தர், இவங்களுக்கு இன்னும் கொஞ்சம் உப்பு விடலாமேன்னு கேட்டாரு."

நானும் சித்தியும் ஏழு கம்பிகளையும் வேனிலிருந்து உள்ளே இழுத்துவந்து அவர் மேசைமேல் வைத்தோம். மேசை முனகியது. அவருடைய தண்ணீர் டம்ளர் கவிழாமல் அவரே பிடித்துக்கொண்டார்.

சித்தி தேதிகளை வாசிக்கச் சொன்னாள். வாசித்தார். தராசை எடுத்து வைத்தாள். நிறுத்துப் பார்த்தார். ஓட்டைச் சக்கரத்தை முகத்துக்கு நேரே தூக்கி, அதன் வழியாகச் சித்தியைப் பார்த்தார்.

"இதால உங்களுக்கு எவ்வளவு நஷ்டம்மா?"

"எனக்கா? எனக்கு லாபம் சார். ஆறும் நானும் கூட்டு வியாபாரம். அது கெடுக்கும், நான் மாத்துவேன்."

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். "அப்பறம் ஏன் இதக் கொண்டாந்தீங்க? நாங்க குழாய் போட்டா உங்க வியாபாரம் படுத்துடுமே?"

"பாதி படுத்துடும். இப்படியே விட்டா முழுசும் படுத்துடும். போன வாரம் ஒரு குடும்பம் லாரி ஏறிடுச்சு. பம்ப் வெக்க ஆளு வேணும்ல சார் ஊர்ல?"

அவர் தலையாட்டினார். ஆனால் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார். "பம்ப் சாமான் செலவ நான் சேத்துக்கலாம். ஆனா அத மட்டும் வெச்சுக் குழாய்க்குப் பணம் கேட்க முடியாது. வெளச்சல்ல நஷ்டம் வேணும். வெளச்சல்ல நஷ்டம் இல்லன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க."

சித்தி சித்தப்பா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது வரிசையில் நாற்காலி நகர்ந்தது. சித்தப்பா எழுந்தார்.

"நாலரை" என்றார்.

"என்ன சார்?"

"ஏக்கருக்கு நாலரை டன். அதுலயும் பாதிக்கு மேல ஜூஸுக்குத்தான் போச்சு. பதினொண்ணுன்னு நான் எழுதினது பொய்." காது மடல் சிவந்திருந்தது. "அந்தக் கம்பிகள்லயே ரொம்பத் தடியா இருக்கே, அது என்னோடது. ஆறு வருஷமா வீட்ட ஓட்டறது எங்க வீட்டம்மா பட்டறைதான். அதையும் எழுதிக்கோங்க."

எழுதுவதற்கு அதில் ஒன்றும் இல்லை, ஆனாலும் அதிகாரி எழுதிக்கொண்டார். சித்தி மூக்கை ஏப்ரனால் துடைத்தாள். முகத்தில் கிரீஸ் ஒட்டிக்கொண்டது.

அவருக்குப் பின்னால் ஒரு குரல் "எனக்கு அஞ்சு" என்றது. இன்னொன்று, "நாலே கால்." உடனே, "உனக்கு நாலே காலா? போன வாரம் ஒம்பதுன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணின!" ஒருவர் மூன்று என்று சொன்னபோது மற்றவர்கள் அவரைப் பொறாமையோடு பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் யாருக்குக் குறைவு என்பதில் போட்டி வந்துவிட்டது. செயலாளர் எழுந்து, "எனக்கு ரெண்டு!" என்று கத்த, அவர் மனைவியே பின்னாலிருந்து, "ஏங்க, நாலு! திரும்பவும் ஆரம்பிக்காதீங்க!" என்றார்.

"ஜூஸ் கம்பெனி எடைச்சீட்டு யார்கிட்டயாவது இருக்கா?" என்று அதிகாரி கேட்டார். எல்லோரிடமும் இருந்தது. எல்லோரும் ஒளித்து வைத்திருந்தார்கள். அன்று மாலைக்குள் புதிய படிவங்கள் சீட்டுகளோடு நிரம்பின. அதிகாரி இரண்டு கம்பிகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். எந்த வாக்கும் கொடுக்கவில்லை. "மேல அனுப்பறோம். அங்க எவ்வளவு நாள் ஆகும்னு எனக்கே தெரியாது" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வேனை நான் ஓட்டினேன். சித்தப்பா நடுவில் உட்கார்ந்து, எதற்கும் இருக்கட்டும் என்று சித்தி பக்கம் திரும்பாமல் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"நாலரைதானா?" என்றாள் சித்தி.

"நாலே முக்காலா இருக்கும்."

"கையெழுத்துப் போட்ட மை காயறதுக்குள்ள கால் டன் வெளஞ்சிடுச்சா?"

அவர் தோள் குலுங்கியது. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் நான் வளைவைத் தவறவிட்டு மூன்று கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டியதாயிற்று.

அடுத்த மாதம் எனக்குக் கால் தரிக்கவில்லை. மறுபடி கிளம்பினேன். சித்தி கடலைப் பொட்டலம் கொடுத்து அனுப்பினாள். வாரியத்திலிருந்து அப்போது ஒரு வரிகூட வந்திருக்கவில்லை. பிறகு நான் எப்போது கூப்பிட்டுக் கேட்டாலும், "மேல இருக்காம்" என்பாள். ஒரு வருடம் கழித்து, "அளக்க வந்தாங்க" என்றாள். அப்புறம் நான் கேட்பதையே விட்டுவிட்டேன்.

அந்தப் புதன்கிழமைக்கு இரண்டு வருடம் எட்டு மாதம் கழித்து, ஒரு துறைமுக ஊரின் டிக்கெட் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது சித்தியின் குரல் செய்தி ஒன்று வந்தது. பின்னணியில் வழக்கமாகக் கேட்கும் பட்டறைக் கிரைண்டர் சத்தம் இல்லை. அதனால் முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன்.

"ஏய் ஊர்சுத்தி, நல்லா இருக்கியா? கேளு. வடிகாலத் திருப்பிட்டாங்க. இன்னிக்கு மீட்டர் அறுநூத்தி நாப்பது. உங்க சித்தப்பா காலையில இருந்து நாலு தடவ போய்ப் பாத்துட்டு வந்துட்டாரு, முள்ளு ஏமாத்திடுமோன்னு. மரம் தேற இன்னும் ரெண்டு வருஷமாவது ஆகும்ங்கறாரு. இந்த வருஷம் அஞ்சே கால் டன். எடை போட்டுத்தான் சொல்றேன், நானே நின்னு போட்டேன். புதுசா ரெண்டு பேரு ஆரஞ்சுக் கன்னு வாங்கியிருக்காங்க. பட்டறையில பதினாறு நாளா ஒரு பம்ப் வரல. வெல்டரப் பக்கத்து ஊருக்கு அனுப்பிட்டேன். நான் சும்மா உக்காந்து கடல திங்கறேன், ஒடம்பு ஏறுது. நீ போற ஊர்ல எங்கயாவது ஆறு நல்லா உப்பா இருந்தா சொல்லு. ஒரு கிளை தொறக்கலாம்னு பாக்கறேன்."